கோடு ஒரு வரி தள்ளி விழுந்தபோது: கண்மாய் அட்டவணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை மாவட்டக் கண்மாய்களின் நிலை குறித்து ஒரு சிறு தன்னார்வக் குழு அறிக்கை தயாரித்தது. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, சேடபட்டி, டி. கல்லுப்பட்டிப் பக்கங்களில் நடந்து, அளந்து, ஊராரிடம் கேட்டுத் தொகுத்த தகவல் அது. கணக்குகளை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதியவர், புள்ளியியல் முதுகலை படிக்கும் ஒரு மாணவி. அந்த நிரல் கக்கும் அட்டவணைகளை லாடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் பக்கமாகக் கட்டி பிடிஎஃப் ஆக்கும் பொறுப்பு என்னுடையது. கீழே சொல்லப்படும் பிழையில் எங்கள் இருவருக்கும் பங்குண்டு. நடந்ததை மறைக்காமல் எழுதினால் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அறிக்கையின் மையம் ஒரே ஓர் அட்டவணை. வரிக்கு ஒரு கண்மாய். பரப்பு, மடைகளின் எண்ணிக்கை, கரையின் நிலை, கடைசியாகத் தூர் வாரிய ஆண்டு என்று நெடுவரிசைகள். கண்மாய்களை நீர் வரும் வழியை வைத்து மூன்று பகுதிகளாகப் பிரித்திருந்தோம். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், பேரணை வழியாகப் பெரியாறு பிரதானக் கால்வாயில் வந்து நிரப்பும் கண்மாய்கள் முதல் பகுதி. வைகை அணையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் வரும் 58 கிராமக் கால்வாயை நம்பியவை இரண்டாம் பகுதி. எந்தக் கால்வாயும் தொடாமல், ஐப்பசி கார்த்திகை மழையும் ஓடைத் தண்ணீரும் வந்தால்தான் உண்டு என்று கிடக்கும் மானாவாரிக் கண்மாய்கள் மூன்றாம் பகுதி.

இந்தப் பிரிவு வெறும் வகைப்படுத்தல் இல்லை. ஒரு கண்மாய்க்குக் கால்வாய்ப் பாத்தியதை உண்டா இல்லையா என்பதை வைத்துத்தான் ஊரார் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எதைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும் என்பதே தீர்மானமாகிறது. வைகை அணையில் 71 அடிக்குத் தண்ணீர் நின்றாலும் மானாவாரிக் கண்மாய்க்கு அதில் ஒரு சொட்டுப் பங்கில்லை.

அட்டவணை உருவான விதம்

எக்ஸ்டேபிள் என்ற பேக்கேஜைத்தான் பயன்படுத்தினோம். ஆரில் இருக்கும் டேட்டா ஃபிரேமை (வரி, நெடுவரிசையாக உள்ள தரவை) வாங்கி லாடெக் அட்டவணையாக எழுதிக் கொடுக்கும் பழைய, நம்பகமான பேக்கேஜ் அது. எங்கெங்கே படுக்கைக் கோடு விழ வேண்டும் என்பதை, அச்சிடும் கட்டளையில் எச்லைன்.ஆஃப்டர் என்ற இடத்தில் வரி எண்களாகச் சொல்ல வேண்டும். மைனஸ் 1 என்றால் தலைப்பு வரிக்கு மேலே. 0 என்றால் தலைப்பு வரிக்குக் கீழே. 7 என்றால் ஏழாவது வரிக்குக் கீழே. எதுவும் சொல்லாவிட்டால் தலைப்புக்கு மேலே, கீழே, கடைசி வரிக்குக் கீழே என மூன்று கோடுகளை அதுவே போட்டுவிடும். கோடே வேண்டாமென்றால் நல் (NULL, 'ஒன்றுமில்லை') என்று கொடுக்கலாம்.

முதல் வரைவில் நான் செய்தது இன்னும் மோசம். நிரல் எழுதிக் கொடுத்த லாடெக் கோப்பைத் திறந்து, பகுதி முடியும் இடங்களில் கையாலேயே கோடு போட்டேன். மறுநாள் மாணவி ஒரு எண்ணைத் திருத்தி நிரலை ஓட்டியதும் என் கோடுகள் எல்லாம் போய்விட்டன. இரண்டு முறை அப்படி ஆன பிறகு, "அண்ணே, அத நிரல்லயே எழுதிருவோம்" என்று அவர் சொன்னார். அப்போது முதல் பகுதியில் 16 கண்மாய்கள், இரண்டில் 11, மூன்றில் 15. மொத்தம் 42 வரிகள். எனவே எச்லைன்.ஆஃப்டரில் மைனஸ் 1, 0, 16, 27 என்று எழுதி, கடைசிக்கு மட்டும் எண்ணைப் போடாமல் என்ரோ என்ற ஃபங்ஷனை வைத்தார். மொத்த வரிகள் எத்தனையோ அத்தனையை அதுவே எண்ணிக் கொள்ளும்.

இன்னொன்றையும் அந்த வாரத்தில்தான் செய்தோம். தாளின் அகலம் போதவில்லை என்று, ஒவ்வொரு வரியிலும் நீர் ஆதாரத்தைச் சொல்லிக் கொண்டிருந்த நெடுவரிசையை எடுத்துவிட்டோம். முதல் பகுதி பெரியாறு, இரண்டாம் பகுதி 58 கிராமக் கால்வாய், மூன்றாம் பகுதி மானாவாரி என்று அட்டவணைக்கு அடியில் குறிப்பு எழுதினோம். அது என் யோசனை. பக்கம் அழகாக வந்தது. அந்த நிமிடத்திலிருந்து, ஒரு கண்மாய்க்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதைச் சொல்ல அந்த அட்டவணையில் 0.4 பாயின்ட் தடிமனுள்ள இரண்டு கோடுகளைத் தவிர வேறெதுவும் இல்லை.

சாவடியில் கேட்ட கேள்வி

வரைவை ஊர்களில் வாசித்துக் காட்டிய பிறகே முடிவாக்குவது என்று குழு வைத்திருந்த வழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. சேடபட்டிப் பக்கம் ஓர் ஊரின் மந்தைச் சாவடியில் கூட்டம். ஜெராக்ஸ் பிரதிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி, ஒரு காலத்தில் அந்தக் கண்மாயின் பாசன சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டவணையை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஏந்தம்பி, எங்க கம்மாயையும் அம்பத்தெட்டுக் கால்வாய்ல சேத்துட்டாகளா? எப்ப ஆடர் போட்டாக?"

குரலில் சந்தேகம் இல்லை, மகிழ்ச்சி இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் அவர் தாளை எட்டிப் பார்த்தார்கள். அரசாணை வந்து, கால்வாய் நீண்டு, அந்தச் செய்தி எங்கள் வழியாகத் தங்களுக்குத் தெரிகிறது என்று சில நிமிடங்கள் அங்கே இருந்தவர்கள் நம்பினார்கள். நான் தாளைப் பார்த்தேன். அவர்களுடைய கண்மாய் இரண்டாவது கோட்டுக்கு மேலே, 58 கிராமக் கால்வாய்ப் பகுதியின் கடைசி வரியாக நின்றது. அது மானாவாரிக் கண்மாய் என்பது எனக்கே தெரியும். நான் அதன் கரையில் நடந்திருக்கிறேன்.

"இல்லங்கய்யா, எங்க தப்பு. கோடு ஒரு வரி தள்ளி விழுந்திருக்கு" என்று சொல்ல வேண்டி வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

தவறின் தடம்

அன்று இரவே உட்கார்ந்து பார்த்தோம். காரணத்தைக் கண்டுபிடிக்க பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, முதல் பகுதியில் ஒரே கண்மாய் இரண்டு முறை பதிவாகியிருப்பதைக் களப்பணியாளர் ஒருவர் கண்டு சொல்லியிருந்தார். வருவாய்ப் பதிவேட்டில் அதற்கு ஒரு பெயர், ஊரார் வாயில் வேறு பெயர். மாணவி ஒரு வரியை நீக்கினார். பகுதிகள் இப்போது 15, 11, 15, மொத்தம் 41. ஆனால் கோடுகள் 16இலும் 27இலுமே நின்றன. இரண்டாம் பகுதியின் முதல் கண்மாய் பெரியாற்றுப் பகுதிக்குள் ஏறிவிட்டது. மூன்றாம் பகுதியின் முதல் கண்மாய் 58 கிராமக் கால்வாய்க்குள் ஏறிவிட்டது.

நிரல் ஏன் கத்தவில்லை என்பதுதான் எங்களை வெகுநேரம் யோசிக்க வைத்தது. எக்ஸ்டேபிள் முரட்டுப் பேக்கேஜ் அல்ல. வரிகளின் எண்ணிக்கையைத் தாண்டிய எண் ஒன்றை எச்லைன்.ஆஃப்டரில் கொடுத்தால், வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று எரர் காட்டி நின்றுவிடும். மாணவி கடைசிக் கோட்டுக்கும் 42 என்று எண்ணாகவே எழுதியிருந்தால், 41 வரி அட்டவணையில் அது சிக்கி, அன்றைக்கே தெரிந்திருக்கும். கடைசிக் கோட்டை மட்டும் சரியான முறையில், என்ரோ வைத்து எழுதியதால் எரர் வரவில்லை. பாதி எண்ணாகவும் பாதி கணக்காகவும் எழுதுவதில் இருக்கும் ஆபத்து இது. முழுக்கத் தவறாக எழுதியிருந்தால் கருவி தடுத்திருக்கும்.

அறிக்கையின் உரையில் இருந்த எண்ணிக்கைகள் எல்லாம் டேட்டா ஃபிரேமிலிருந்து நேராகக் கணக்கிடப்பட்டவை என்பதால் சரியாகவே இருந்தன. மானாவாரி 15 என்று எட்டாம் பக்க உரை சொன்னது; ஒன்பதாம் பக்க அட்டவணையில் 27ஆம் வரிக் கோட்டுக்குக் கீழே எண்ணினால் 14. இரண்டு பக்கத்தையும் நாங்கள் இருவரும் பலமுறை படித்திருந்தோம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் திருத்தமும் அதன் குறையும்

கோடு விழும் இடத்தைத் தரவிலிருந்தே கணக்கிடுவது என்று முடிவு செய்தோம். அதில் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் மீண்டும் இடறினோம்.

மாணவி எழுதிய முதல் வழி: நீர் ஆதார நெடுவரிசையை டேபிள் ஃபங்ஷனால் எண்ணி, கிடைத்த எண்ணிக்கைகளைக் கம்சம் கொண்டு திரட்டிக் கூட்டுவது. 15, 26, 41 என்று வர வேண்டும். ஓட்டிப் பார்த்தோம். சேடபட்டிக் கண்மாய் கோட்டுக்குக் கீழே, மானாவாரியில் சரியாக வந்து உட்கார்ந்தது. இருவருக்கும் மூச்சு வந்தது.

ஆனால் அட்டவணையின் அடியில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடுகள் ஒட்டி நின்றன. அதை அலட்சியப்படுத்தியிருந்தால் இரண்டாவது தவறும் அச்சுக்குப் போயிருக்கும். எச்லைன்.ஆஃப்டரில் ஒரே எண்ணை இருமுறை கொடுத்தால் எக்ஸ்டேபிள் அதைப் பிழையாகக் கருதாது, இரட்டைக் கோடு கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு போட்டுவிடும். கம்சம் தந்த கடைசி எண் 41. என்ரோ தந்ததும் 41. அதை நீக்கலாம் என்று எண்களை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வந்திருப்பவை 15, 26, 41 அல்ல. 11, 26, 41.

டேபிள் ஃபங்ஷன் எழுத்துச் சரங்களை (எழுத்தாக உள்ள மதிப்புகளை) அகர வரிசைப்படி அடுக்கித்தான் எண்ணும்; நம் அட்டவணை எந்த ஒழுங்கில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. '58 கிராமக் கால்வாய்' எண்ணில் தொடங்குவதால் முதலில் வந்துவிட்டது. பிறகு பெரியாறு, பிறகு மானாவாரி. 11ஐயும் 15ஐயும் எந்த ஒழுங்கில் கூட்டினாலும் 26 என்பதால் இரண்டாவது கோடு தற்செயலாகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. முதல் கோடு 11இல் விழுந்து, பெரியாற்றுக் கண்மாய்கள் நான்கை 58 கிராமக் கால்வாய்க்குத் தள்ளிவிட்டது. புகார் வந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருந்தால் மேலூர்க்காரர்களின் சாவடியில் இதே கேள்வியை எதிர்கொண்டிருப்போம்.

தரவு எந்த ஒழுங்கில் அட்டவணைக்குள் போகிறதோ அதே ஒழுங்கில் எண்ண வேண்டும். அதற்கு ஆரில் ஆர்எல்இ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஒரே மதிப்பு தொடர்ந்து எத்தனை வரிகள் ஓடுகிறது என்று வரிசையாகச் சொல்லும். அந்த நீளங்களைக் கம்சம் செய்தால் 15, 26, 41. கடைசி எண்ணை வெட்டிவிட்டால் 15, 26. இதற்கிடையில், பகுதிகளின் ஒழுங்கை நிலைநிறுத்த நீர் ஆதாரத்தை ஃபேக்டராக (ஒழுங்கு குறித்த வகைகளாக) மாற்றியிருந்தோம். ஆர்எல்இ ஃபேக்டரை ஏற்காமல் எரர் காட்டும் என்பது அப்போது தெரிந்தது. ஆஸ்.கேரக்டர் போட்டு எழுத்துச் சரமாக்கிய பிறகே ஓடியது.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. தரவு பகுதி வாரியாக அடுக்கப்படாமல் கலந்து கிடந்தால், ஆர்எல்இ ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு முடிவாக எடுத்துக் கொள்ளும். மூன்று பகுதிக்கு எட்டுக் கோடுகள் விழும். எனவே அச்சிடும் கட்டளைக்கு முன்னால் ஒரு காவல் வரி வைத்தோம். ஆர்எல்இ கண்ட ஓட்டங்களின் எண்ணிக்கையும், தனித்தனி நீர் ஆதாரங்களின் எண்ணிக்கையும் சமமாக இல்லாவிட்டால் நிரல் நின்றுவிட வேண்டும். ஸ்டாப்இஃப்நாட் என்ற ஒரே சொல்லில் முடிகிற வேலை அது.

கோட்டோடு பெயரும்

கணக்கிட்டுப் போட்டாலும், கோட்டை மட்டும் நம்பக் கூடாது என்று எனக்குப் பட்டது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அதன் பெயரே ஒரு வரியாக அச்சாக வேண்டும். அகலத்துக்காக நெடுவரிசையை எடுத்தது நான். அதை ஈடு செய்ய அகலம் தின்னாத வழி இதுதான்.

எக்ஸ்டேபிளில் ஆட்.டு.ரோ என்ற வசதி இருக்கிறது. எந்த வரிக்குப் பின் எந்த லாடெக் கட்டளையைச் செருக வேண்டும் என்று ஒரு பட்டியலாகக் கொடுக்கலாம். 0, 15, 26 ஆகிய இடங்களில், அட்டவணையின் முழு அகலத்துக்கும் விரியும் மல்டிகாலம் கட்டளையாகப் பகுதியின் பெயரைக் கொடுத்தோம். வந்த பிடிஎஃப்பைப் பார்த்தால், '58 கிராமக் கால்வாய்' என்ற தலைப்பு கோட்டுக்கு மேலே, பெரியாற்றுப் பகுதியின் வாலில் தொங்கியது.

ஒரே இடத்துக்கு ஆட்.டு.ரோவும் எச்லைன்.ஆஃப்டரும் இருந்தால், எக்ஸ்டேபிள் நம் கட்டளையை முதலில் எழுதி, கோட்டை அதன் பின்னால் போடும். இந்த ஒழுங்கை வெளியிலிருந்து மாற்ற முடியாது. எனவே பகுதிக் கோடுகளை எச்லைன்.ஆஃப்டரிலிருந்து முற்றிலும் எடுத்துவிட்டு, கோட்டையும் பெயரையும் ஒரே சரமாக ஆட்.டு.ரோவுக்குள் எழுதினோம்: முதலில் கோடு, பிறகு பெயர். தலைப்பு வரிக்குக் கீழே வரும் 0ஆம் இடத்துக்கும் அதே கதி என்பதால் அதையும் அங்கேயே கொண்டு போனோம். எச்லைன்.ஆஃப்டரில் மிஞ்சியவை மைனஸ் 1, என்ரோ ஆகிய இரண்டே.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. ஆரின் சரத்துக்குள் லாடெக் கட்டளையை எழுதும்போது பின்சாய்கோட்டை இரண்டு முறை போட வேண்டும். ஒன்று போட்டு மிட்ரூல் (நடுக் கோட்டுக் கட்டளை) என்று எழுதினால் ஆர் உடனே எரர் காட்டும், தப்பித்தோம். டாப்ரூல் (மேல் கோட்டுக் கட்டளை) என்று எழுதினால் எரரே வராது. சாய்கோடும் டி என்ற எழுத்தும் சேர்ந்து டேப் இடைவெளியாக மாறிவிடும், 'ஓப்ரூல்' என்ற பொருளற்ற எழுத்துகள் அட்டவணைத் தலையில் அச்சாகும். 2020இல் வந்த ஆர் 4.0.0 முதல், சாய்கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும் மூலச் சரம் எழுதும் வழி உண்டு. மாணவி அதற்கு மாறிவிட்டார். நான் இன்னும் இரண்டு சாய்கோடுதான் போடுகிறேன்.

புள்ளியைத் தின்ற கோடு

சாவடியில் கொடுத்த பிரதிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் நேர் கீழே இருந்த வரியில் மட்டும் 'கண்மாய்' என்ற சொல் 'கணமாய' என்று தெரிந்தது. திரையில் புள்ளிகள் இருந்தன. ஜெராக்ஸில் கோடும் புள்ளியும் ஒட்டிக் கரைந்துவிட்டன.

லாடெக்கின் எச்லைன் கட்டளை தன்னைச் சுற்றி இடம் எதுவும் விடாது. ரோமன் எழுத்துக்கு அது பெரிய சிக்கலில்லை. பெரும்பாலான எழுத்துகள் தாழ்வானவை. தமிழில் புள்ளியும், இகர ஈகாரக் கொக்கிகளும் தலைக்கு மேலே ஏறும்; உகர ஊகாரங்கள் காலுக்குக் கீழே இறங்கும். கோடு நேராகப் புள்ளியின் மேல் வந்து உட்காரும். மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். தமிழ் அட்டவணை கட்டுகிற யாருக்கும் இது சின்னக் குறை இல்லை.

வரி உயரத்தை நீட்டும் அரேஸ்ட்ரெச்சைக் கூட்டினால் எல்லா வரிகளும் சேர்ந்து உயரும். 41 வரி ஒரே பக்கத்தில் அடங்காது. கோட்டைச் சுற்றி மட்டும் இடம் வேண்டும். அதற்கென்றே சைமன் ஃபியர் எழுதிய புக்டேப்ஸ் என்ற லாடெக் பேக்கேஜ் இருக்கிறது. அதில் அளவுகள் எழுத்தின் அளவைச் சார்ந்த எம், எக்ஸ் என்ற அலகுகளில் இருக்கும். அதன் கோடுகள் மூன்று தடிமன்களில் வரும்: மேலும் கீழும் 0.08 எம், நடுவில் 0.05 எம், சில நெடுவரிசைகளுக்கு மட்டும் ஓடும் சிமிட்ரூலுக்கு 0.03 எம். கோட்டுக்கு மேல் 0.4 எக்ஸ், கீழ் 0.65 எக்ஸ் என்று இடமும் விடும். எக்ஸ்டேபிளின் அச்சிடும் கட்டளையில் புக்டேப்ஸ் ட்ரூ என்று சொன்னால் போதும், அதுவே டாப்ரூல், மிட்ரூல், பாட்டம்ரூல் என்று மாற்றி எழுதிக் கொடுக்கும். நாம் ஆட்.டு.ரோவில் எழுதியதை மட்டும் நாமே மாற்ற வேண்டும். எங்கள் எழுத்துருவுக்கு 0.65 எக்ஸும் போதவில்லை. கோட்டுக்குக் கீழ் இடத்தைச் சொல்லும் பிலோரூல்செப்பை 1 எக்ஸ் ஆக்கினோம். புள்ளிகள் திரும்பி வந்தன.

பத்து பாயின்ட் எழுத்தில் 0.03 எம் என்பது 0.3 பாயின்ட். ஊரில் கொடுப்பவை ஜெராக்ஸ் பிரதிகள். அங்கே அந்த மெல்லிய கோடு விட்டுவிட்டுத் தெரிந்தது. எனவே சிமிட்ரூலையும் 0.05 எம் ஆக்கிவிட்டோம்.

அலுவலகப் படிவங்களில் பழகிய குழு உறுப்பினர் ஒருவர், நாற்புறமும் கட்டம் வேண்டும், செங்குத்துக் கோடு இல்லாமல் அட்டவணை முடிவடையாதது போல் இருக்கிறது என்றார். அவருடைய எண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. புக்டேப்ஸ் கோட்டைச் சுற்றி இடம் விடுவதால் செங்குத்துக் கோடுகள் ஒவ்வொரு சந்திப்பிலும் துண்டுபடும். செங்குத்துக் கோடு கூடாது, இரட்டைக் கோடு கூடாது என்று அதன் கையேடே சொல்கிறது. கட்டத்துக்காகப் புள்ளியை மறுபடி பலி கொடுக்க எனக்கு மனமில்லை என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

இடைவெளியும் பேசும்

இடையில் மாணவி, ஆரின் நிட்டர் என்ற பேக்கேஜில் அட்டவணை எழுதித் தரும் கேபிள் ஃபங்ஷனுக்கு மாறலாமா என்று முயன்று பார்த்தார். எழுத எளிது. புக்டேப்ஸ் ட்ரூ என்று கொடுத்ததும் ஐந்து வரிக்கு ஒரு முறை சிறு இடைவெளி விழுந்தது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று கேபிள் தானாகச் செய்வது அது. லைன்செப் என்ற இடத்தில் வெற்றுச் சரம் கொடுத்தால் நின்றுவிடும். எங்கள் அட்டவணையில் அந்த இடைவெளி ஐந்து ஐந்தாகக் கண்மாய்களைக் கூறு போட்டது. அந்தக் கூறுகளுக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆனால் படிப்பவர், இந்த ஐந்தும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று கட்டாயம் யோசிப்பார். சாவடியில் விரல் வைத்துப் படித்தவரை நினைத்துக் கொண்டோம். எக்ஸ்டேபிளிலேயே இருந்துவிடுவது என்று முடிவாயிற்று.

பின் நடந்தவை

பழைய பிரதிகளைத் திரும்ப வாங்க முயன்றோம். பெரும்பாலானவை வந்தன. சில வரவில்லை. ஓர் ஊரில் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே ஒரு மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டார்கள். பிழை என்னுடையது என்றும், அந்தக் கண்மாய் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்றும் தெளிவாக எழுதி, திருத்திய பக்கத்தை இணைத்து, மனுக் கொடுத்தவரின் கையாலேயே அலுவலகத்தில் சேர்த்தோம். அதற்காக அவர் ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியிருந்தது. பேருந்துச் செலவைக் குழு கொடுத்தது. கூலியை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

சேடபட்டிப் பக்கத்துக்கு நாங்கள் இருவரும் நேரில் போனோம். சாவடியில் முன்பு கேள்வி கேட்ட பெரியவரிடம் புதிய பக்கத்தைக் கொடுத்தோம். 'மானாவாரிக் கண்மாய்கள்' என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியில் அவர் கண்மாய். படித்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு தாயி. ஆனா முந்தி இருந்ததுதான் நல்லா இருந்துச்சு" என்று மாணவியிடம் சொன்னார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம். அது இப்போது அறிக்கையில் ஒரு தனிப் பகுதி.

இறுதி அறிக்கை சிறு புத்தக அளவில் வந்ததால் அட்டவணை இரண்டு பக்கத்துக்கு ஓடியது. பல பக்கங்களுக்கு ஓடும் அட்டவணைக்கான லாங்டேபிளுக்கு மாறினோம். பகுதியின் பெயர் பக்கத்தின் அடியில் தனியாக நின்று, கண்மாய்கள் அடுத்த பக்கத்தில் தொடங்கும் அபாயம் அங்கே உண்டு. பெயர் வரியின் முடிவில் இரண்டு சாய்கோட்டுடன் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் லாங்டேபிள் அந்த இடத்தில் பக்கத்தை உடைக்காது.

அடுத்த முறை மாற்றிக் கொள்பவை

நெடுவரிசையை எடுக்கும் முடிவை இனி நான் தனியாக எடுக்க மாட்டேன். ஒரு தகவலைச் சொல்லக் கோடு மட்டுமே மிஞ்சுகிறது என்றால், அந்த அட்டவணையில் எதையோ தவறாக வெட்டியிருக்கிறோம். எழுத்தைச் சிறிதாக்கியிருக்கலாம், தாளைப் படுக்கையாகத் திருப்பியிருக்கலாம்.

நிரலுக்குள் வரி எண்ணை எண்ணாக எழுதுவதை இருவருமே விட்டுவிட்டோம். சிமிட்ரூலுக்கும் இது பொருந்தும். வரிப் பெயர்கள் அச்சாகும்படி விட்டால் அவையே முதல் நெடுவரிசை ஆகிவிடும். 2 முதல் 4 வரை என்று நாம் எழுதிய கோடு ஒன்று இடப்புறம் நகர்ந்து, வேறு தலைப்புக்குக் கீழே ஓடும். எங்கள் இன்னோர் அட்டவணையில் அப்படி ஒன்று இருந்ததை இந்தத் தேடலில்தான் கண்டோம்.

பிடிஎஃப் வந்ததும் ஒருவர் கோடுகளுக்கு இடையே உள்ள வரிகளை வாய்விட்டு எண்ண, மற்றவர் உரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுகிறோம். நிரலில் காவல் வரி இருந்தாலும் இதை விடவில்லை. பிறகு ஒரு ஜெராக்ஸ் எடுத்து, கோட்டுக்குக் கீழ் வரிகளில் புள்ளிகளைப் பார்க்கிறோம்.

திரும்பி வராத பிரதிகள் இன்னும் நான்கு இருக்கின்றன. எந்தெந்த ஊரில் என்று தெரியும். ஐப்பசிக்குள் போய் வாங்க வேண்டும்.